புதுப்படத்துத் தகப்பன்

தங்கமகளுக்கு,

பிரசவத்துக்கு இங்கன வாரேன்னு எழுதியிருந்தே.

நாம ரெண்டு பேரும் பிடுங்கிப் பிடுங்கிப் படிச்ச அந்த நாவலைத் திரும்பவும் படமா எடுத்து, நேத்து டிவியில போட்டான். பழைய படத்துல, வேத்துச் சாதிக்காரனோட போன மகளைத் தலைமுழுகுன தகப்பன், பேரன் பொறந்த சேதி கேட்டதும் செருப்புக்கூடப் போடாம ஓடுவான். உங்கய்யா துண்டால மூஞ்சியப் பொத்திக்கிட்டு அழுவாகளே!

புதுசுல அந்த ஆளு சேதியக் கேட்டுட்டு, மிளகாய்க்குத் தண்ணி பாய்ச்சப் போயிடுறான். கதையவே கெடுத்துட்டான்னு நான் வைதேன்.

நீ அவரோட போன அன்னைக்குக் கண்மாயில முங்கி எந்திரிச்ச உங்கய்யா, "இப்பத்தான் சரியா எடுத்திருக்கான்"னாக. துண்டு தோள்லயே கெடந்துச்சு.

தொண்டியிலயே நல்ல டாக்டரம்மா இருக்காகளாம். அங்கனயே பார்த்துக்க தாயி.

எப்பவும்,
உன் அம்மா