சிஸ்டருக்காக அழித்த பொட்டு

ஸ்ரீகண்டன்,

மிருதுளாவை ப்ளே ஸ்கூலில் விட்டுவிட்டு ஆபீஸ் போகிறேன். உங்களை எழுப்பிப் பேச மனம் வரவில்லை. இட்லி ஹாட்பேக்கில், சட்னி ஃபிரிட்ஜில். பத்து மணிக்கு பிளம்பர் வருவார், மறுபடி தூங்கிவிடாதீர்கள்.

கான்வென்டில் சேர்த்தால்தான் பிள்ளை உருப்படும் என்று ஆறு மாதமாக ஒரே பாட்டு. தெருமுனைப் பள்ளியே போதும் என்ற நான் பட்டிக்காடு. சரி, இருக்கட்டும். அதற்காக நேற்று இன்டர்வியூவுக்குப் போகும் வழியில், ஆட்டோவிலேயே, குழந்தையின் பொட்டை எச்சில் தொட்டு அழித்தீர்களே, வெட்கமாக இல்லை? உங்கள் விபூதியும் கைக்குட்டைக்குள் போயிற்று.

"பொட்டு வெக்கலியா கண்ணு?" என்று சிஸ்டர் கேட்டதும் அவள் சொன்னாள்: "வெச்சா நீங்க சீட் தர மாட்டீங்களாம். அப்பாதான் அழிச்சாரு."

அப்போது நீங்கள் திருதிருவென்று விழித்ததை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

வெளியே போனால் சாவியை மேல்வீட்டில் கொடுங்கள்.

கிருத்திகா

பி.கு.: இப்போதுதான் அந்த சிஸ்டர் போன் செய்தார். சீட் கிடைத்துவிட்டது. போட்டோ எடுக்க நாளை வரச் சொன்னார். "பொட்டு வெச்சே கூட்டிட்டு வாங்கம்மா. நீங்க மட்டும் வந்தாப் போதும்."