மேடை ஏறாத கடைசி அடவு

பாசமுள்ள முருகண்ணே,

உன் பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. மாலை போட்ட உன் படத்துக்கு முன்னால் யார் யார் அழுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். உன்னை விரட்டியபோது கதவைச் சாத்திக்கொண்டவர்கள்தான் அதிகம் அழுதார்கள். துண்டை வீட்டிலேயே நனைத்துக் கொண்டுவந்திருப்பார்களோ?

சதங்கை கட்டி நீ ஆடிய வரைக்கும் போடிக்கே செல்லப்பிள்ளை. பிறரை ஆடவைக்கத் தொடங்கியதும்தான் வினை. ஏலக்காய் எடுக்கும் பெண்களை வைத்தே ஓர் ஆட்டம் அமைத்தாய். தூரில் குனிந்து காய் கிள்ளுவதும், ஜீப்பில் நெரிபட்டு மலையேறுவதும் அடவாகின. கடைசி அடவு, வேலை விடும் நேரத்துச் சோதனை. ஒவ்வொருத்தியும் மடியை அவிழ்த்து உதறி, காய் எதையும் ஒளிக்கவில்லை என்று வெறுங்கையை விரித்துக் காட்ட வேண்டும்.

திருவிழா மேடையில் அந்த அடவு வருவதற்குள் விளக்கை அணைத்தார்கள். ஏலத்தோட்ட முதலாளியின் ஆட்கள் முன்கூட்டியே வந்து மேடைக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். "எங்க சோத்தத் தின்னுட்டு எங்களையே சந்தி சிரிக்க வைக்கிறியா? இனிமே போடியில உன் காலு படக்கூடாது" என்றார்கள். மறுநாளே நீ மெட்டு ஏறி மலைக்கு அந்தப்பக்கம் போனாய். இருபது வருஷம் கேரளத் தோட்டங்களில் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தாய். இறங்கி வந்தது ஆம்புலன்ஸில்.

அவர்களுக்கு முன்கூட்டிச் சொன்னது யார்? முதலில் மேளக்காரரைச் சந்தேகப்பட்டேன், பிறகு ஆட்டத்துக்கு உடை தைத்த தையல்காரரை. அவர் மகள் கல்யாணத்துக்குக்கூட நான் போகவில்லை. மலைக்கு வரும்போதெல்லாம் உன்னிடம் இதையே அடுக்குவேன். நீயோ, "கட்டஞ்சாயா ஆறுது, குடி தாயி" என்று பேச்சை மாற்றுவாய்.

இன்று காலை முதலாளியின் மகன் வந்தான்.

"அக்கா, இந்த வருஷம் திருவிழாவுல அண்ணன் பேர்ல அந்த ஆட்டத்த வைப்போம். கடைசி அடவு மட்டும் வேணாம்."

எனக்குப் பொறி தட்டியது. "மேடையே ஏறாத அடவு. அப்படி ஒண்ணு இருக்குன்னு ஒனக்கு யாருய்யா சொன்னா?"

ஆளைப் பிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அவன் விழித்தான். "நீங்கதானக்கா. அந்தத் திருவிழாவுக்கு முன்னாடி எங்க கிடங்குல காய் பொறுக்குனப்ப, சோதனை வரிசையில நின்னுக்கிட்டே ஆடிக் காட்டுனீங்களாம். அப்பா மாடியில நின்னு பாத்தாராம்."

ஆமாம் அண்ணே, ஆடினேன். என் அண்ணன் போட்ட அடவு என்ற பெருமை தாங்காமல் ஆடினேன். பெண்கள் சிரித்த சிரிப்பில் மாடியை யார் நிமிர்ந்து பார்த்தது? இத்தனை வருஷமாக இது ஞாபகத்துக்கு வரவில்லையா, நான்தான் வரவிடவில்லையா? உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் சாயாவைக் குடிக்கச் சொன்னாயா?

நாளை தையல்காரர் வீட்டுக்குப் போகிறேன். என்ன முகத்தோடு போவது என்றுதான் தெரியவில்லை.

முதலாளி மகனிடம் சரியென்று தலையாட்டி அனுப்பிவிட்டேன். பெண்களுக்கும் கடைசி அடவைச் சொல்லித்தரப் போவதில்லை. ஆட்டம் முடிந்ததென்று எல்லோரும் கை தட்டும்போது, நான் ஒருத்தி மேடையேறி மடியை உதறுவேன். விளக்கை அணைத்தாலும் உதறிவிட்டுத்தான் இறங்குவேன். ஊரறிய இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுப்பதும் திருவிழா முடிந்த மறுநாள்தான். இந்த முறை முன்கூட்டி யாருக்கும் ஆடிக் காட்ட மாட்டேன், சத்தியம்.

உன்னைக் காட்டிக்கொடுத்த தங்கச்சி,
பேச்சியம்மாள்