பாதைப் பக்கம் நீண்ட கிளைகள்

பதுளை,
22.03.2026, ஞாயிறு.

அஜந்தனுக்கு,

ரூபன் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் முழுவதையும் வாசித்துவிட்டுக் கிழி. ஜனவரியிலிருந்து என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். வேறு வழியில்லாமல் காகிதத்தில் எழுதுகிறேன். ஹாலிஎல றிஸ்னி லீவு முடிந்து புதன்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறான். கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலில் நீ கேட்க நினைப்பது. உன் அப்பா நன்றாக இருக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருகிறார். போன வெள்ளி அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனது நம் பழைய பாதை வழியாகத்தான். ஹோட்டல்காரரின் கேட் திறந்தாயிற்று. லயத்து வீடுகளிலிருந்து மெயின் றோட்டுக்குப் பதினாலு நிமிடம். கடிகாரம் பார்த்துத்தான் சொல்கிறேன்.

நிரஞ்சலா போனில் சொல்லியிருப்பாள். ஆனால் பிரதேச சபைக்குள் நடந்தது அவளுக்கு முழுதாகத் தெரியாது. அதை என்னிடமிருந்துதான் நீ கேட்க வேண்டும், ஏனென்றால் பிழை விட்டவன் நான்.

நீ கடைசியாக அனுப்பிய செய்தி என்னிடம் இன்னும் இருக்கிறது. "பதிமூணு வருஷம் என்னோட ஸ்கூலுக்கு நடந்தவன்தானே நீ. இல்லாத பாதையில எப்படிடா நடந்த?" என்று கேட்டிருந்தாய். அதற்கு நான் பதில் எழுதி முடிப்பதற்குள் தடுத்துவிட்டாய். எழுதியிருந்தாலும் அன்றைக்கு என் பதில் கேவலமாகத்தான் இருந்திருக்கும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நவம்பர் மண்சரிவில் நம் தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவின் லொறி றோட்டு மூன்று இடத்தில் போய்விட்டது. மிஞ்சியது நடைபாதை மட்டும். அது பழைய டாக்டர் பங்களாவின் ஆறு ஏக்கருக்குள்ளால் போகிறது. அதை வாங்கி ஹோட்டல் நடத்துகிறவர் டிசம்பரில் கேட் போட்டுப் பூட்டினார். லயத்து ஆட்கள் தேயிலையைப் பிடுங்கிப் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் திருட்டுத்தனமாக வெட்டிய பாதை அது என்று பிரதேச சபைக்கு எழுதியும் கொடுத்தார். லயத்தார் சார்பில் மனு எழுதியவள் உன் மனைவி நிரஞ்சலாதான். பார்த்து அறிக்கை கொடுக்கச் சொல்லித் தொழில்நுட்ப உத்தியோகத்தரான (டீ.ஓ.) என் மேசைக்கு அது வந்தது.

இருபது நிமிடம் போய் நின்றேன். தோட்டத்தின் பழைய நில அளவைப் படத்தைப் பார்த்தேன். அதில் பாதை இல்லை. "படத்தில் காணப்படவில்லை, பொதுவழி எனக் கொள்ளப் போதிய ஆதாரம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அந்தக் காலத்துப் படங்களில் வண்டிப் பாதையை மட்டும்தான் குறிப்பார்கள், ஆள் நடக்கும் வழியைக் குறிக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். அன்றைக்கு யோசிக்கவில்லை.

நடந்தவன் நான் என்பதை ஏன் எழுதவில்லை? எங்கள் அலுவலகத்தில் லயத்தில் பிறந்த உத்தியோகத்தர் நான் ஒருவன்தான். எழுதினால் தன் ஆட்களுக்காக எழுதினான் என்பார்கள். என்னை வெளியே வைத்தால் அறிக்கை சுத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். சுத்தமாக இருந்தது உண்மை. ஒன்றுக்கும் உதவாத சுத்தம்.

அதன் பலன் உனக்குத் தெரியும். ஐந்து கிலோமீட்டர் சுற்றி, சரிந்த மண்ணில் நாற்காலியைத் தூக்க ஆள் சேராமல், உன் அப்பா இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நெஞ்சில் நீர் கோத்து ஒன்பது நாள் வார்டில் இருந்தார். நான் போய்ப் பார்த்தேன். நான் வந்ததை உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நிரஞ்சலாவிடம் சொல்லியிருந்தேன். ஏசுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் ஒட்சிசன் குழாயை நகர்த்திவிட்டு, "படத்துல இல்லன்னு எழுதுனியாமே தம்பி. தேடிப் பாரு, நாங்களும் அதுல இருக்க மாட்டோம்" என்று சிரித்தார். அதைவிட அவர் ஏசியிருக்கலாம்.

சபையைப் பற்றி எனக்கு மரியாதை இருந்ததில்லை. இரண்டு வருஷம் சபையே இல்லாமல் கிடந்து, போன மே மாதத் தேர்தலில் வந்தவர்கள். பாதிப்பேர் முதல் தடவை. கத்துவார்கள், தேநீர் குடிப்பார்கள், போவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஜனவரிக் கூட்டத்தில் என் அறிக்கையை வாசித்தேன், பக்கத்தில் சிங்களத்தில் மொழிபெயர்த்தார்கள். விஷயம் முடிந்தது என்று ஃபைலை மூடினேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழும்பினார். விஜயலெட்சுமி என்று நமுனுகுலப் பக்கத்து உறுப்பினர். போன ஏப்ரல் வரை பதினாறு வருஷம் கொழுந்து எடுத்தவர். நம்மைவிட ஏழெட்டு வயது மூப்பு.

"டீ.ஓ. சேர், நீங்க எந்த லயம்?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப ஸ்கூலுக்கு எந்த வழியா போனீங்க?" என்றார். இந்த வழியாக என்றேன். "அத இந்தப் பேப்பர்ல எங்க எழுதியிருக்கு?"

நான் உத்தியோகத்தர், சாட்சி இல்லை என்றேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "சரிங்க சேர். நீங்க சாட்சி இல்ல. வேற சாட்சிய தேடினீங்களா? இருவது நிமிஷத்துல எங்களால ஒரு கிலோ கொழுந்துகூட எடுக்க ஏலாது, நீங்க ஒரு பாதையையே இல்லாம ஆக்கிட்டீங்களே" என்றார். மொழிபெயர்ப்பு முடிந்ததும் சபை முழுவதும் சிரித்தது. சிங்கள உறுப்பினர்கள் கொஞ்சம் பிந்திச் சிரித்தார்கள், அதனால் எனக்கு இரண்டு தடவை விழுந்தது.

சபைக்குத் தலைமை தாங்கிய தவிசாளர் சிரிக்கவில்லை. படம் பேசாவிட்டால் இடம் பேசும், எல்லோரும் போய்ப் பார்ப்போம் என்று சொல்லி அடுத்த வியாழனுக்குத் திகதி போட்டார். அவர் கட்சியும் விஜயலெட்சுமியின் கட்சியும் ஒன்றையொன்று கண்ணில் காணக்கூடாதவை. அதைக் குறித்துக்கொள்.

வியாழக்கிழமை நல்ல மழை. ஏழு உறுப்பினர், செயலாளர், ஹோட்டல்காரரின் சட்டத்தரணி, நான். சட்டத்தரணி பளபளவென்ற சப்பாத்தோடு வந்திருந்தார். கால் முழுக்க அட்டை. விஜயலெட்சுமி முன்னால் நடந்து, பாதையோரத்து ஒரு செடியின் முன்னால் நின்றார். குனிந்து இலையை விலக்கி அடிக்கட்டையைக் காட்டினார்.

அது பழைய விதைத் தேயிலை, நூறு வருஷத்தைத் தாண்டியது. நீயும் நானும் அதன் மேல் புத்தகப் பையை வைத்துவிட்டுச் சண்டை போட்டிருக்கிறோம், அடியைப் பார்த்ததில்லை. மூன்று நாலு வருஷத்துக்கு ஒரு தடவை கவ்வாத்து வெட்டினாலும் வெட்டு மட்டத்துக்குக் கீழே உள்ள தடித்த கிளைகள் அப்படியே இருக்கும். மலைக்கு நடுவில் இருக்கும் செடிக்கு நாலு பக்கமும் நெருக்கம், அதனால் கிளை நாலு பக்கமும் ஒரே அளவு. ஓரத்துச் செடி அப்படியில்லை. வெளி இருக்கும் பக்கம் கிளை நீண்டு தொடை அளவுக்குப் பெருத்திருக்கும்.

"பொறந்ததுலருந்து அந்தப் பக்கம் வெளியா இருந்தாத்தான் அந்தப் பக்கம் கைய நீட்டும் தம்பி. நேத்து பக்கத்து மரத்த புடுங்கிட்டா இன்னைக்கு கை வராது, வெரல்தான் வரும்" என்றார். சபையில் சேர், மலையில் தம்பி. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

சட்டத்தரணி, இதெல்லாம் கதை என்றார். அந்த இடத்தில் எனக்குள் ஏதோ ஒன்று சரியாக மாட்டியது. கதையா இல்லையா என்று அளந்து பார்க்கலாமே. மூன்று நாள் அளந்தேன். பாதையோரத்துச் செடி நாற்பத்தாறு. ஒப்பிட, அதே மலையில் மின்கம்பிக்காகச் செடி பிடுங்கிய இடைவெளியின் ஓரத்தில் நாற்பத்தாறு. அங்கே பிடுங்கியது 2011இல், கடிதம் இருக்கிறது. ஹோட்டல்காரர் சொல்லும் அதே பதினைந்து வருஷம். நூலைச் சுற்றிச் சுற்றளவு எடுத்தேன். பாதையோரத்தில் நாற்பத்தொரு செடியில் பாதைப் பக்கம் தடித்த கிளை. மின்கம்பி ஓரத்தில் மூன்றில் மட்டும். மற்றதெல்லாம் விரல். அவர் சொன்ன வார்த்தையைத்தான் அறிக்கையில் போட ஆசைப்பட்டேன். சென்றிமீட்டரில் போட்டேன்.

செடி நட்ட அன்றைக்கே பாதை இருந்திருக்கிறது, அஜந்தன்.

நாளைக்கே கேட்டை உடையுங்கள் என்று தவிசாளரின் அறையில் போய்க் கத்தினேன். ஆட்சேபனைக்கு ஒரு மாதம் கொடுக்க வேண்டும் என்றார். உங்கள் ஒரு மாதத்தில் ஒரு மனிதர் செத்துப் போவார் என்றேன். அவர் கோபிக்கவில்லை. கேட்காமல் அவருடைய கேட்டை இன்று நாம் உடைத்தால் கேட்காமல் உங்கள் லயத்தை நாளை வேறொருவன் உடைப்பான் என்றார். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவுமில்லை. செயலாளரைக் கூப்பிட்டு, தீர்மானம் வரும்வரை நோயாளியையும் பிள்ளைகளையும் விடுவதற்கு ஹோட்டல்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கச் சொன்னார். செயலாளர் அம்மா இரண்டு நாள் போனை வைக்கவேயில்லை. மூன்றாம் நாள் கடிதம் வந்தது. பெப்ரவரி முதல் உன் அப்பா ஒரு தடவையும் தவறாமல் போனது அப்படித்தான். அதே கேட்டில் ஆட்சேபனை கேட்கும் அறிவித்தலை மூன்று மொழியிலும் தொங்கவிட்டதும் நான்தான்.

பதினேழாம் திகதி விசாரணை. சட்டத்தரணியை லேசாக நினைக்காதே. பாதை பழையதென்றே வைத்துக்கொள்வோம், தோட்டத்து வேலையாட்கள் தோட்டத்தின் அனுமதியோடு நடந்த வழி எப்படிப் பொதுவழியாகும் என்று கேட்டார். நல்ல கேள்வி. எந்தச் செடியும் அதற்குப் பதில் சொல்லாது. தோற்றோம் என்று நினைத்தேன்.

விஜயலெட்சுமி வாசலைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மேல் கிராமத்திலிருந்து போஞ்சிக்காய் பயிர் செய்கிற ஒரு சிங்களப் பெரியவர் உள்ளே வந்தார். தோட்டத்தில் ஒரு நாளும் வேலை செய்யாதவர். தானும் தன் தகப்பனும் தெமோதரை ஸ்டேஷனுக்குப் போஞ்சி சுமந்ததே இந்த வழியாகத்தான், யாரிடமும் கேட்டதில்லை, யாரும் தடுத்ததில்லை, இப்படிக் கேட்க வேண்டும் என்பதே இன்றைக்குத்தான் தெரியும் என்றார். அவருக்குப் பின்னால் ஐந்து பேர். சட்டத்தரணியின் கேள்வியை இந்தப் பெண் ஒரு மாதத்துக்கு முன்பே ஊகித்து, மூன்று ஞாயிறு அந்த மலை ஏறியிருக்கிறார். நான் கிளை அளந்துகொண்டிருந்தபோது அவர் ஆட்களைத் தேடியிருக்கிறார்.

இருபத்தொரு உறுப்பினரில் பதினாறு பேர் கை உயர்த்தினார்கள். நாலு அடி அகலப் பொது நடைபாதை என்று வீதிப் பதிவேட்டில் ஏற்றத் தீர்மானம். ஹோட்டல்காரர் நீதிமன்றம் போகலாம், அது அவருடைய உரிமை. போகட்டும். ஃபைல் தயாராக இருக்கிறது.

அந்த ஃபைலில் என் முதல் அறிக்கையும் இருக்கிறது. எடுத்துவிடலாமா என்று செயலாளரைக் கேட்டேன். முடியாது, இரண்டும் இருக்க வேண்டும் என்றார். இருக்கட்டும். இரண்டாவது அறிக்கையின் முதல் பந்தி இது: "மேற்படி பாதையில் நான் பாடசாலைக் காலத்தில் பதின்மூன்று ஆண்டுகள், சிவஞானம் அஜந்தன் என்பவருடன் நடந்துள்ளேன்." அலுவலகக் கடிதத்தில் உன் பெயர் எதற்கு என்று கேட்டார்கள். விடச் சொல்லி மூன்று பேர் சொன்னார்கள். நான் விடவில்லை.

நிரஞ்சலாவைப் பற்றி ஒரு வார்த்தை. அளக்கப் போன மூன்று நாளும், "ரூபன் அண்ணே, டீ வைப்பேன். பேச மாட்டேன்" என்று சொல்லித்தான் கோப்பையை நீட்டினாள். தீர்மானம் வந்த அன்று டீயோடு ரொட்டியும் வந்தது. பேச்சு இன்னும் வரவில்லை. நீ என்ன செய்கிறாய் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

பாதைக்கு எல்லைக்கல் நடுவது ஏப்ரல் இருபத்துநாலாம் திகதி. சித்திரை வருஷப்பிறப்புக்கு நீ லீவில் வருவதாக உன் அப்பா சொன்னார். லயத்து முனையிலிருந்து றோட்டு வரை நாடா பிடித்து அளக்க வேண்டும், அதற்கு இரண்டு பேர் தேவை. ஒரு முனை என்னிடம். மறுமுனைக்கு ஆளின் பெயரைக் கேட்டு அலுவலகத்தில் ஒரு படிவம் தந்திருக்கிறார்கள். அலுவலகத்தில் தருவதற்கு வேறு ஆள் இருக்கிறது. நான் இன்னும் பெயர் எழுதவில்லை.

வெயிலில் கவனமாக வேலை செய். நல்லபடியாக வந்து சேர்.

இப்படிக்கு,
ஜெயரூபன்