மதிலேறிப் போனவருக்கு

சீசா, பலெர்மோ
புரட்டாதி ஞாயிறு, பின்னேரம்

அன்புள்ள அத்தானுக்கு,

சிவதர்சினி எழுதிக்கொள்வது. நானும் பிள்ளையும் சுகம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். பிள்ளை சுகமாகத்தான் இருக்கிறாள். எனக்குத்தான் நித்திரை இல்லை. நீங்கள் போனை நிறுத்தி வைத்திருப்பதால் இதை அகஸ்ரின் அண்ணையிடம் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் நிற்கிற இடத்தைச் சொல்ல அவர் வாயெடுத்தார். ஐயோ அண்ணை, எனக்குச் சொல்லாதேங்கோ என்று காதைப் பொத்திக்கொண்டேன். எனக்குத் தெரியாததை என்னிடமிருந்து ஒருவரும் பிடுங்க முடியாதுதானே.

பகேரியாத் தோட்டத்தில் உங்கள் கனாபாச் செடிகள் நின்றபடி நிற்கின்றன. கஞ்சா என்று நான் சொல்லும்போதெல்லாம், கஞ்சா இல்லையப்பா, கனாபா, வெறிக்காத சாதி, அரசாங்கம் விட்ட விதை என்று பாடம் எடுப்பீர்களே, அதே செடிகள்தான். முதல் போட்ட விதையைத் தண்ணீர் ஊற்றி ஊற்றியே அழுகப்பண்ணினீர்கள். இரண்டாவதை நத்தை தின்றது. பிறகு எங்கேயோ வீடியோ பார்த்துவிட்டு ஆண்செடிகளையெல்லாம் பிடுங்கப் போனீர்கள். ஆண்செடி இல்லாமல் விதை எப்படி வருமென்று சிஞ்ஞோரா மொனிகா கத்தியிராவிட்டால் நாங்கள் இலையைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருப்போம். தன் தோட்டத்தில் ஒரு துண்டை எங்களுக்கு விட்டுத் தந்ததும் அல்லாமல், அந்த மனுசி உங்களுக்காகத் தொண்டையையும் கொடுத்திருக்கிறார். இப்போது கதிர் கதிராக விதை முற்றியிருக்கிறது. முதல் தடவை செய்கிற ஆளுக்கு இது பெரிய காரியம் என்று அவரே சொன்னார்.

அன்றைக்கு நீங்கள் கண்டது சீருடையை மட்டும்தான். நான் தண்ணீர்க் குழாயோடு நிற்கிறேன், படலையைத் திறந்துகொண்டு இரண்டு கரபினியேரிப் பொலிஸ்காரர் வருகிறார்கள், திரும்பிப் பார்த்தால் நீங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம். ஒரு செருப்பு எலுமிச்சை மரத்தடியில் கிடந்தது. அவர்கள் வணக்கம்கூடச் சொல்லி முடிக்கவில்லை. ரயிலில் போன யாரோ ஆளுயரச் செடிகளைக் கண்டு போன் அடித்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டது விதைப்பையின் அடையாளச் சீட்டையும் பற்றுச்சீட்டையும். அடுத்த நாள் நான் கொண்டுபோய்க் காட்டினேன். செடிகளின் நுனியை வெட்டிச் சோதனைக்கென்று பையில் போட்டுக்கொண்டு போனார்கள். முடிவும் வந்துவிட்டது. எல்லாம் சட்டம் விட்ட அளவுக்குள்தான். நீங்கள் சொன்னதுதான் சரி, போதுமா?

ஆனால் செடி சட்டப்படி நின்றதென்றால் மனுசன் ஏன் ஓடினான் என்று கேட்கிறார்கள். அதற்கு நான் என்ன சொல்வது? தோட்டத்தைச் சுற்றி நாடா கட்டியிருக்கிறார்கள். நீங்கள் வந்து கையெழுத்து வைக்கும்வரை ஒரு கதிரைக்கூட வெட்டக்கூடாது. விதை தன்பாட்டில் கொட்டுகிறது, குருவிகளுக்குக் கொண்டாட்டம். மழை வந்தால் கதிர் பூஞ்சணம் பிடித்துப் போய்விடுமாம். போனால் போகட்டும், அதைப் பற்றி நான் அழவில்லை.

வந்த இரண்டு பொலிஸ்காரரில் பெரியவர் நரைத்த மனுசன், தன்மையாகத்தான் கதைத்தார். எனக்கு வந்த இத்தாலியனில் பாவுரா, பயம் என்று மட்டும் சொன்னேன். எதற்குப் பயம், நாங்கள் அவரை என்ன செய்யப்போகிறோம் என்று உண்மையிலேயே விளங்காமல் கேட்டார். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அந்த மனுசனில் பொறாமையாக இருந்தது.

என்னைப் பக்கத்தில் இருத்தி வைத்து ஒருவரும் இதை எழுதுவிக்கவில்லை. நீங்கள் அப்படித்தான் நினைப்பீர்கள், எனக்குத் தெரியும். பெண்பார்க்க வந்த அன்று தட்டில் இருந்த மிக்சரில் கச்சான் கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மிச்சத்தை உங்கள் அக்கா பக்கம் தள்ளினீர்களே, அதைக் கதவு இடுக்கால் பார்த்தவள்தான் எழுதுகிறேன்.

ஒரு கையெழுத்து வைக்கட்டும், நாலு கேள்வி கேட்போம், பிறகு வீட்டுக்குப் போகலாம் என்று அந்தப் பெரியவர் சொன்னார். சின்னண்ணாவை அம்மா கூட்டிக்கொண்டு போய் ஆமியிடம் ஒப்படைத்த அன்றும் இதையேதான் சொன்னார்கள். அம்மாவைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். அம்மா நின்றார். இன்றைக்கும் கிளிநொச்சியில் காணாமல் போனவர்களைத் தேடுகிற தாய்மாரின் போராட்டப் பந்தலுக்குள் அண்ணாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். அதே வார்த்தையைச் சொல்லி இப்போது உங்களைக் கூப்பிடுகிறேன். எந்த வாயால் கூப்பிடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை அத்தான். இது வேறு நாடு என்று மூளைக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரியவில்லை.

என்றாலும் வாருங்கள். ஓடிக்கொண்டே இருந்தால் பிள்ளை உங்களை எந்த ஊரில் தேடுவாள்? நான் வெளியில் நிற்க மாட்டேன். கேட்டுவிட்டேன், மனைவியும் உள்ளே வரலாமாம். எனக்கு இருக்கக் கதிரை தராவிட்டால் உங்களுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வேன். கையை விட மாட்டேன்.

நாங்கள் கையெழுத்து வைக்கப் போகிற அன்றைக்குப் பிள்ளையைச் சிஞ்ஞோரா மொனிகா பார்த்துக்கொள்வார். அவளுடைய பள்ளிக்கூடப் பை, குளிர்ச்சட்டைகள், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டேன். ஒரு மணித்தியால அலுவலுக்கு ஏன் இத்தனை சாமான் என்று சிஞ்ஞோரா கேட்டார். குளிர்காலம் வருகுதல்லோ என்று சொன்னேன்.

கடவுள் உங்களுக்கு முன்னால் நடக்கட்டும். வாங்கோ.

உங்கள்
சிவதர்சினி