கேட்க மட்டும் தெரிந்த பெட்டி

டிசம்பர் 14. காலை 8.10

காற்று தென்கிழக்கிலிருந்து, மிதமாக. வெளியே மைனஸ் ஒன்பது. அளவீட்டுக் கருவி ஒழுங்காக ஓடுகிறது. ஏரியல் தாங்கும் அலைக்கம்பங்களைச் சுற்றி வந்தேன். பனி ஒட்டவில்லை.

இதை எடுத்துப் படிப்பவருக்கு: என் பெயர் எஸ்தர் தனபாக்கியம், ஊர் தூத்துக்குடி. அண்டார்டிகாவில், கடல்மேல் நீண்டு கிடக்கும் பனித்தட்டின் விளிம்பில் ஒரு குடிலில் தனியாக இருக்கிறேன். வானொலி அலைகளைத் தரைக்குத் திருப்பி அனுப்பும் வான அடுக்கைக் கவனிப்பது என் வேலை. தலைமை முகாம் தெற்கே, பனிவண்டியில் ஒரு பகல் பயணம். வழி நெடுகக் கொடிக்கம்புகள் நட்டிருக்கிறோம். இது கோடை. சூரியன் மறைவதே இல்லை.

அரசாங்கக் கருவிகளுக்கு நடுவே என் சொந்தச் சொத்து ஒன்று உண்டு: சிற்றலை பிடிக்கும் ஒரு மேஜை ரேடியோ. சென்னையில் மழைக்கு ஒதுங்கிய கடையில் மலிவாகக் கிடைத்தது. முள் ஒரு நூலில் ஓடுகிறது. நூல் அடிக்கடி வழுக்கும். சூடேறினால் நிலையம் தானாக நகர்ந்துவிடும். கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் குரல் மாறும். முகாம் மருத்துவன் மொகுதூம் இதற்கு 'சோப்பு டப்பா' என்று பெயர் வைத்திருக்கிறான். காயல்பட்டினத்துப் பையன், என்னைவிடப் பதினைந்து வயது இளையவன், வாய் ஓயாது. சிரித்துக்கொள்ளட்டும். கருவிகள் எண்களாகக் காட்டுகிற வானத்தை இந்த டப்பா மனிதக் குரல்களாகக் காட்டுகிறது. இன்று தேநீரோடு ஒரு ஸ்பானியக்காரி மூச்சுவிடாமல் மீன் விலையோ தேர்தல் முடிவோ படித்தாள். முழுக்கக் கேட்டேன்.

டிசம்பர் 15. பகல் 11.50

சூரியனில் பெரிய வெடிப்பு. கருவியின் கோடு மேலே போய்த் தாளை விட்டே வெளியேறிவிட்டது. ரேடியோவில் பேசிக்கொண்டிருந்த ஒருவர் பாதி வாக்கியத்தில் காணாமல் போனார். முள்ளை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஓட்டினேன். எங்குமே ஆள் இல்லை.

இது என் வாழ்நாளில் ஒருமுறை வரக்கூடிய நிகழ்வு. சந்தோஷப்பட வேண்டும். உட்கார முடியாமல் நடந்துகொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 16. பிற்பகல் 2.30

சூரியத் துகள்கள் வந்து சேர்ந்தன. அலைக்கம்பியிலும் மின்கம்பியிலும் கோத்திருந்த எல்லாம் எரிந்தது. பேசும் ரேடியோ, செயற்கைக்கோள் தொலைபேசி, சூரியத் தகடுகளின் சார்ஜர், அளவீட்டுக் கருவி. நீலப் பொறி மேஜையின் குறுக்கே ஓடியதைக் கண்ணால் பார்த்தேன். தீயணைப்பான் ஒன்று காலி. இடது புருவம் போய்விட்டது, வேறு காயமில்லை.

சோப்பு டப்பா தப்பியது என் சோம்பலால். கம்பியைச் செருகாமல் படுக்கையில் போட்டு வைத்திருந்தேன். நான்கு பெரிய டார்ச் செல்லில் ஓடும்.

உணவு நிறைய இருக்கிறது. அடுப்புக்கு மண்ணெண்ணெய் போதும். பேசத்தான் வழியில்லை.

டிசம்பர் 17. காலை

காற்று பலமாகிவிட்டது. தரைப்பனி பறக்கிறது. அடியில் அலை மோதும் சத்தம்; பனித்தட்டு முனகுகிறது.

ரேடியோவில் இரைச்சல்கூட இல்லை. காரணம் எனக்குத் தெரியும். துருவத்தின் மேல் கொட்டும் துகள்கள் வானத்தின் கீழடுக்கைக் கனமாக்கிவிட்டன. தூரத்திலிருந்து வரும் அலைகளை எல்லாம் அது விழுங்கிவிடுகிறது. தரையை ஒட்டி வரும் பக்கத்து அலைகள் மட்டுமே பிழைக்கும். காரணம் தெரிந்தும் கை முள்ளைத் திருப்பியபடியே இருக்கிறது. சமைக்கும்போது ஒரு கை, சாப்பிடும்போது ஒரு கை. உலகத்தில் எத்தனை பேர் இப்போது இப்படித் திருப்பிக்கொண்டிருக்கிறார்களோ.

டிசம்பர் 18. காலை 9.20

குரல். எங்கள் வழக்கமான அலைவரிசையில். மெல்லியது, ஆனால் தெளிவானது.

"எஸ்தரக்கா, எஸ்தரக்கா, மொகுதூம் பேசுறேன். கேக்குதா? முகாம்ல எல்லாம் பொசுங்கிருச்சு. ரெண்டு பேருக்குக் கை வெந்துருக்கு, கட்டுப் போட்டுட்டேன். வண்டி ரேடியோ அணைச்சு வச்சிருந்ததால தப்பிச்சுது. நீங்க பதிலே பேசல, எனக்கு மனசு கேக்கல. கிளம்பி வந்துகிட்டு இருக்கேன். தனியாத்தான் வர்றேன், திட்டாதீங்க. வெந்நி போட்டு வைங்க."

பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தேன். வெந்நீரும் போட்டேன். அவனுக்கு வழி தெரிய, முதல் கொடிகளில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு வரலாம் என்று வெளியே போகிறேன்.

பகல் 12.15

பனித்தட்டு பிளந்துவிட்டது.

குடிலுக்கும் முகாமுக்கும் நடுவே, நாங்கள் கண்காணித்து வந்த ஒரு பழைய விரிசல். போன வாரம் கையை நுழைக்கும் அளவுதான் இருந்தது. இன்று இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை தெரியவில்லை. கறுப்புத் தண்ணீர், அதிலிருந்து வெண்புகை எழுந்து எல்லாவற்றையும் மூடுகிறது. கொடிகள் வரிசையாகப் போய் விளிம்பில் நின்றுவிடுகின்றன. அந்தப் பக்கத்துக் கொடிகளும் அப்படித்தான் வந்து நிற்கும். அவன் கொடியைப் பார்த்துத்தான் ஓட்டுவான். பறக்கும் பனியில் அடுத்த கொடிக்கு மேல் எதுவும் தெரியாது.

வெளிச்சக் குண்டுகள் இருந்தவை அத்தனையும் சுட்டேன். என் தலைக்கு மேலேயே மங்கிவிட்டன.

1.00

"அக்கா, பாதிக்கு மேல தாண்டிட்டேன். வண்டி ஜோரா ஓடுது. கண்ணுதான் ஒண்ணுந்தெரியல. கொடி கொடியாப் பிடிச்சு வர்றேன்."

நில் என்று கத்தினேன். ஒலிபெருக்கித் துணியில் என் எச்சில் தெறித்திருக்கிறது. படித்தவள், கேட்கும் பெட்டியைப் பார்த்துக் கத்தினேன்.

1.25

ஒரு வழி இருக்கிறது. சுருக்கமாக எழுதுகிறேன்.

பாளையங்கோட்டை விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கையில் நான் என் ரேடியோவின் முள்ளைத் திருப்பினால், சில இடங்களில் அவளுடையது விசிலடிக்கும். சண்டை வரும். இந்த வகை ரேடியோ ஒவ்வொன்றுக்குள்ளும், வரும் அலையோடு கலப்பதற்காக ஒரு சின்ன அலையை உண்டாக்கும் சுற்று இருக்கிறது. அது கொஞ்சம் வெளியே கசியும். முள் காட்டும் இடத்துக்குச் சற்று மேலே கசியும். முள்ளைச் சரியாகக் கீழே இறக்கி வைத்தால், கசிவு மொகுதூமின் அலைவரிசையில் போய் விழும்.

சக்தி மிகச் சொற்பம். ஆனால் வானம் எல்லா இரைச்சலையும் விழுங்கி வைத்திருக்கிறது. அவன் பெட்டியில் இப்போது மயான அமைதி.

பின்மூடியைக் கழற்றினேன். அந்தச் சின்ன அலையை உண்டாக்கும் சுருளின்மேல் இரண்டு சுற்றுக் கம்பி சுற்றி, நீள அலைக்கம்பியோடு தொட்டுத் தொட்டு எடுக்க ஏற்பாடு. முள்ளுக்கு மேல் கண்ணாடியில் இரண்டு கோடு கீறினேன்: 'கேள்', 'சொல்'. கேட்கும்போது சொல்ல முடியாது. சொல்லும்போது கேட்க முடியாது.

1.50

'சொல்'. தந்தி முறையில் அபாயக் குறி: மூன்று குட்டை, மூன்று நெட்டை, மூன்று குட்டை. மறுபடி, மறுபடி. 'கேள்'.

ஒன்றுமில்லை.

நூல் வழுக்கியிருக்கிறது. முள்ளை மயிரிழை நகர்த்தி மறுபடி. இன்னும் மயிரிழை. இன்னும்.

"…இது என்ன விசிலு? விட்டு விட்டு வருது. தானா வர்ற சத்தமில்ல இது. யாரோ தட்டுறாங்க. யாரது, எஸ்தரக்காவா? ஆமான்னா ஒண்ணு அடிங்க, இல்லன்னா ரெண்டு. நான் வாயை மூடிக்கிறேன்."

ஒன்று அடித்தேன்.

"அல்ஹம்துலில்லாஹ்! அக்கா, உசுரோட இருக்கீங்களா! அடி கிடி பட்டிருக்கா?"

இரண்டு.

"சாப்பாடு இருக்கா?"

ஒன்று.

"அப்ப என்ன கவலை? வண்டி பக்கத்துல வந்துருச்சு. இந்தா இப்ப வந்துருவேன்."

கேட்க வேண்டியதை அவன் கேட்கவில்லை. தந்திக் குறிகள் அவனுக்குத் தெரியாது; என்னிடம் இருப்பதோ இரண்டே சொல். இரண்டு, இரண்டு, இரண்டு என்று நிறுத்தாமல் அடித்தேன். திருப்பிக் கேட்டால் வண்டி எஞ்சின் சத்தம்தான் வருகிறது. பாட்டு வேறு முணுமுணுக்கிறான். மறுபடி இரண்டு, இரண்டு, இரண்டு.

"இல்லையா? என்ன இல்ல? இருங்க, இருங்க. நான் வர வேண்டாமா?"

ஒன்று.

"என்னக்கா இது. வழி சரியில்லயா?"

ஒன்று.

"நிறுத்திட்டேன். நிறுத்திட்டேன் அக்கா. இடுப்புல கயிறு கட்டி இறங்கிப் பாத்துட்டு வர்றேன்."

காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று எழுத முடியாது; கடிகாரத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை.

"அக்கா." மூச்சு வாங்குகிறது. "ரெண்டு கொடிக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல. கடலு. புகையா இருக்கு, அலை சத்தம் கேக்குது. நான் மூணாவது கியர்ல வந்துகிட்டு இருந்தேன்."

 ஒன்று அடித்தேன்.

டிசம்பர் 19. காலை 7.00

எழுந்தபோது வெயில் தவறான ஜன்னலில் விழுந்திருந்தது. காலை ஏழுக்குப் படுக்கையின்மேல் விழ வேண்டிய வெயில் கதவுக்கண்ணாடி வழியாக வருகிறது. வெளியே போய்த் திசைகாட்டியைப் பார்த்தேன். குடில் திரும்பியிருக்கிறது. குடில் நிற்கும் பனித் துண்டு முழுவதும் திரும்பியிருக்கிறது.

விரிசல் என்று நினைத்தேன். இல்லை. என் பக்கம் முழுசாக அறுந்துவிட்டது. மிதந்துகொண்டிருக்கிறேன்.

மொகுதூமிடம் சொல்ல முயன்றேன். ஆமாம்-இல்லை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அவனே கண்டுபிடித்தான்.

"அக்கா, உங்க விசிலு நேத்தைவிட இப்ப ரொம்பக் கம்மியா இருக்கு. செல்லு தீருதா?"

இரண்டு.

"அப்ப தூரம் கூடுதா? …நீங்க நகருறீங்களா அக்கா?"

ஒன்று.

11.30

விளிம்பிலேயே வண்டியை நிறுத்தி இருக்கிறான். எனக்காகப் பேசிக்கொண்டே இருக்கிறான். கை வெந்த இருவரில் ஒருவன் வலியிலும் பிரியாணி கேட்டானாம். இவன் சின்ன வயதில் காயல் கடற்கரையில் தோணி ஏறிப் பயத்தில் வாந்தி எடுத்தானாம். இதைக் கேட்டுக்கொண்டே செல்களை ஒவ்வொன்றாக அக்குளில் வைத்துச் சூடாக்குகிறேன். குளிரில் அவை சீக்கிரம் சோர்ந்துவிடுகின்றன.

"ஒண்ணு கேக்கட்டா? பயமா இருக்கா அக்கா?"

இரண்டு.

"பொய் சொல்றீங்க. எனக்கே இருக்கு."

3.10

"அக்கா, கவனமாக் கேளுங்க. டீசல் திரும்பிப் போறதுக்கு மட்டுந்தான் இருக்கு. எஞ்சினை அணைச்சா இந்தக் குளிர்ல திரும்ப எடுக்காது. நான் முகாமுக்குப் போயி, இந்த ரேடியோவைக் கழட்டி உசரக் கம்பத்துல மாட்டணும். வானம் தெளிஞ்ச உடனே கப்பலைக் கூப்பிடணும். நீங்க மிதக்குறது இப்ப உலகத்துல எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். எல்லாம் புரியுது. ஆனா உங்கள விட்டுட்டு வண்டியைத் திருப்பக் கை வரல. நீங்க சொல்லுங்க. போகவா? ஒரு விசிலு வந்தாப் போறேன். வராட்டி இங்கயேதான் இருப்பேன்."

ஒன்று அடித்தேன். தாமதிக்கவில்லை. அதை இங்கே பதிவு செய்கிறேன்.

3.25

"எதுவும் கேக்கல அக்கா. திரும்ப அடிங்க."

அடித்தேன். நீளமாக அடித்தேன்.

"கேக்கல."

முள்ளை மேலும் கீழும் நகர்த்தி அடித்தேன். கம்பியைச் சுரண்டிப் பளபளப்பாக்கி அடித்தேன்.

"அக்கா? இருக்கீங்களா? நான் போக மாட்டேன். சொல்லிட்டேன்ல, நான் போக மாட்டேன்."

4.05

அவன் குரலும் தேய்கிறது. எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் பின்னால் கேட்கிறது. ஒவ்வொரு நிமிடமும் டீசல்.

குடிலில் இன்னும் நான்கு புதிய செல் உண்டு. நான்கில் ஓடும் பெட்டிக்கு எட்டைக் கோத்தால் கசிவு பலமாகும். கொஞ்ச நேரம்தான். பிறகு உள்ளே எல்லாம் கருகிவிடும். அதன்பின் கேட்கவும் முடியாது.

ஒரே ஒரு முறை 'கேள்' பக்கம் திருப்பினேன். வேலை இருந்ததால் அல்ல.

"…தோணிக்காரர் சிரிச்சாரு பாருங்க, எங்க வாப்பாவும் சேந்து சிரிச்சாங்க…"

'சொல்'. எட்டு செல். கம்பியைத் தொட்டுப் பிடித்துக்கொண்டேன். ஒரே விசில், விடாமல். பிளாஸ்டிக் வாடை வந்தது. புகை வந்தது. முள்ளை நூல் விட்டுவிட்டது. விரல் சுடும் வரை பிடித்திருந்தேன்.

பெட்டி செத்துவிட்டது. அவனுக்குக் கேட்டதா, தெரியாது.

5.40

வெளியே நிற்கிறேன். பென்சில் வழுக்குகிறது. தண்ணீரின்மேல் வெண்புகை சுவர்போல. தொலைநோக்கியை எடுத்தால் கண்ணீர் உறைந்து இமை ஒட்டுகிறது.

உள்ளே போனேன். வெளியே வந்தேன். உள்ளே போனேன். மேஜையில் அந்தப் பெட்டி. திருகைத் திருப்பினேன், பழக்கத்தில்.

6.15

காற்று மாறியது. புகை ஓரிடத்தில் கிழிந்தது. அந்தக் கரை தெரிகிறது. நான் நினைத்ததைவிட எவ்வளவோ தூரம். வெள்ளையில் ஒரு சிவப்புப் புள்ளி. வண்டி.

நகரவில்லை.

நகரவில்லை.

புள்ளி நீண்டது. பக்கவாட்டில் திரும்புகிறது. இப்போது மறுபடி சின்னதாக. தெற்கே. போகிறான். கேட்டிருக்கிறது. அந்த ஒரு விசில் கேட்டிருக்கிறது; இரண்டு மணி நேரம் திருப்பக் கை வராமல் நின்றிருக்கிறான். வண்டி நேராக, நல்ல வேகத்தில், கொடி வரிசையிலேயே போகிறது.

நல்லது. நான் சொன்னதைத்தான் செய்கிறான். இதைவிடச் சரியான முடிவு இல்லை. கப்பலுக்குத் தகவல் போக இது ஒன்றுதான் வழி. இதைப் படிப்பவர் யாரானாலும், மருத்துவர் மொகுதூம் என்னை விட்டுப் போகவில்லை, நான் அனுப்பினேன் என்று எல்லோரிடமும்

அதன்பின் நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். புள்ளி கண்ணுக்குத் தெரிந்த வரைக்கும் விளிம்போரமாகவே ஓடினேன். ஓடிக்கொண்டே கத்தினேன். போகாத மொகுதூம், போகாதடா, இங்கயே இரு, போகாத.