மூலையில் ஒரு கையெழுத்து

டிசம்பர் 3, செவ்வாய்

ஒரு விடுதியின் ஆங்கில விளம்பரத் தாளை டைப் செய்தேன். அக்காமடேஷனுக்கு எத்தனை எம்? இரண்டு போட்டால் கூடுதலாகத் தெரிகிறது, ஒன்று போட்டால் குறைகிறது. ரிசீவில் ஈ முன்னாலா, ஐ முன்னாலா? வாடிக்கையாளர்கள் எழுதித் தரும் தப்பையே நாளெல்லாம் பார்த்துப் பார்த்து, இப்போது சரியானதுதான் கண்ணை உறுத்துகிறது. மண்டை காய்கிறது.

அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் அக்கா இன்று பாதியில் கிளம்பிவிட்டார், மகளுக்குக் காய்ச்சலாம். மூலையில் அவர் கையெழுத்து இருந்தால்தான் தாள் மெஷினுக்குப் போகும். வழக்கம்போல நானே படித்துப் பார்த்து, அவர் கையெழுத்தையும் நானே போட்டேன். ஆறு வருடமாக எங்களுக்குள் இதுதான் ஏற்பாடு. அச்சகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

டிசம்பர் 9, திங்கள்

தலையில் இடி. போன மாதம் ஒரு ஹார்டுவேர் கடைக்கு அடித்த இரண்டாயிரம் காலண்டரும் திரும்பி வந்துவிட்டன. அட்டையில், இவ்வளவு பெரிய எழுத்தில், காலண்டர் என்ற ஆங்கிலச் சொல்லே தப்பு. ஏ வர வேண்டிய இடத்தில் ஈ. டைப் செய்தது நான்தான். ஆனால் டைப்பில் தப்பு வரத்தான் செய்யும், பிடிக்க வேண்டியது புரூஃப் பார்ப்பவர் என்பது முதலாளியின் சட்டம். புரூஃப் தாளின் மூலையில் இருப்பது அக்காவின் கையெழுத்து. சனிக்கிழமையோடு அவரை நிறுத்தப் போகிறாராம்.

டிசம்பர் 10

அந்தக் கையெழுத்தைப் போட்டது யார்? பத்துத் தடவை பார்த்துவிட்டேன். அந்த வளைவு அக்காவுடையதுதான். ஆனா என் வளைவும் அதேதானே! அன்னிக்கு அக்கா இருந்தாங்களா, இல்லையா? சுத்தமா ஞாபகம் இல்ல. அவரிடமே கேட்டேன். அவருக்கும் நினைவில்லையாம். "யார் போட்டா என்ன, பேரு என்னுதுதானே" என்றபடி முகம் கழுவப் போனார்.

டிசம்பர் 11

சொல்லலாமா? சொன்னா ரெண்டு பேர் வேலையும் போயிடுமோ? ஒண்ணும் புரியல.

டிசம்பர் 13, வெள்ளி

சொல்லிவிட்டேன். அக்கா இல்லாதபோது அவர் கையெழுத்தை நான் போடுவதுண்டு, இதுவும் நான் போட்டதாக இருக்கலாம் என்று.

"இருக்கலாம்னா? போட்டியா, போடலையா?" என்றார் முதலாளி.

"தெரியல சார்."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார். அக்கா தாளைக் கையில்கூட வாங்கவில்லை. "இது என் கையெழுத்து இல்ல சார். அவ போட்டது."

எவ்வளவு நிச்சயம்! ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது — அப்பாடா, யாருக்காவது தெரிந்திருக்கிறதே. பிறகுதான் என் பையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள்.

டிசம்பர் 16, திங்கள்

வீட்டில் சும்மா இருக்கிறேன். மதியம் அக்கா போன் செய்தார். சாப்பிட்டேனா என்று கேட்டார். பிறகு, "எனக்கும் தெரியாதுடி. ரெண்டு பிள்ளைங்களை வச்சிருக்கேன், சொல்லிட்டேன்" என்றார்.

பற்றிக்கொண்டு வந்தது. கத்தத்தான் வாயைத் திறந்தேன்.

"முன்னாடியே எங்கிட்ட கேட்டிருந்தா, நான்தான் போட்டேன்னு நானே சொல்லியிருப்பேனேக்கா" என்றேன்.

சொல்லியிருப்பேனா? அதுவும் தெரியவில்லை.