இரண்டாம் தாள்

பெல்டன் மலை, வெர்மான்ட்
1846 மார்ச் 7, சனிக்கிழமை

அன்பு மகள் ஃபிலீனாவுக்கு, அப்பா எழுதிக்கொண்டது. நானும் அம்மாவும் இரண்டு மாடுகளும் சுகம். உன் சுகத்தை இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன். பதிலில் அதை முதல் வரியிலேயே எழுது.

முதலில் எனக்குக் கிடைத்த பெருமையைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டத்தில் உன் அப்பாவைப் பன்றிக் காவலராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கல்யாணமான புது மாப்பிள்ளைகளைக் கேலி செய்யக் கொடுக்கிற பதவி. ஐம்பத்திரண்டு வயதில், இடுப்புப் பிடிப்போடு, எனக்கு வந்திருக்கிறது. வேலி தாண்டி வரும் பன்றிகளை நான் துரத்திப் பிடித்துப் பட்டியில் அடைக்க வேண்டுமாம். நம் வீட்டுப் பன்றியே நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. சபை முழுக்கச் சிரித்தது. நானும் எழுந்து, தொப்பியைக் கழற்றி, ராஜா போலக் குனிந்தேன். குனிந்ததில் கால்சட்டைப் பட்டன் தெறித்துப் போய் அடுப்பில் பட்டு டங்கென்று சத்தம் கேட்டது. இன்னும் சிரித்தார்கள். கால்சட்டையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நன்றி சொன்ன முதல் அதிகாரி நானாகத்தான் இருப்பேன்.

என் பெயரை முன்மொழிந்தது யார் என்று அதற்குப் பிறகுதான் பார்த்தேன். ஓபெட் பீஸ்லி. கூட்டத்துக்கு வந்தால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வாய் திறக்காமல் கை மட்டும் தூக்கிவிட்டுப் போகிறவர். அவர் எழுந்து நின்று சொன்னது இதுதான்: "ஆன்சலைப் போடுங்க. பிடிச்சு வண்டியில ஏத்துறதுல அவனை அடிச்சுக்க ஆளில்ல."

அவர் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களும் நிறுத்திவிட்டார்கள். அவர் மகள் ராக்ஸானா கல்லறைத் தோட்டத்துக் கல் அறையில், சவப்பெட்டிக்குள், உறைந்த மண் இளகட்டும் என்று காத்துக் கிடக்கிறாள் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்திருக்கும். ஏப்ரல் வராமல் இங்கே குழி வெட்ட முடியாது. கூட்டத்தில் அடுத்ததாகப் பாலம் பழுதுபார்ப்பது பற்றிப் பேசினார்கள். நான் கால்சட்டையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவிடம் பட்டன் கதையை மட்டும் சொன்னேன். "உங்களுக்குப் போய்ப் பன்றிய குடுத்தாங்களே, அது என்ன பாவம் பண்ணுச்சோ" என்றாள். பட்டனைத் தைத்துக் கொடுத்துவிட்டாள்.

ஆலைக்குப் பெண்களை ஏற்றிப் போகும் அந்த வண்டியை நான் ஓட்டப் போனது ஏன் என்று நீ ஒருமுறை கேட்டாய். நான் பேச்சை மாற்றினேன். இப்போது சொல்கிறேன். கம்பளி ஆடு வளர்த்தவன் எல்லாம் மாடி வீடு கட்டிய காலத்தில், நான் கடைசியாக, விலை உச்சியில் இருந்த வருஷம் பார்த்து ஆடு வாங்கினேன். உன் அப்பாவின் சாமர்த்தியம் அப்படி. வாங்கிய மறுவருஷம் கம்பளி விலை படுத்தது. கடைசியில் ஆட்டை வெட்டிக் கொழுப்பை உருக்கி விற்றதில்தான் காசு வந்தது. கோதுமை போட்டால் மேற்கிலிருந்து கால்வாய் வழியாக வரும் மாவு நம் மாவைவிட மலிவு. அம்மா நெய்த துணியைக் கடைக்காரர் கையால்கூடத் தொடுவதில்லை, உங்கள் ஆலைத் துணி கஜம் ஒன்பது காசுக்குக் கிடைக்கும்போது அவர் ஏன் தொடுவார்? அம்மாவின் தறி மேல்மாடியில் இருக்கிறது. அதில் வெங்காயம் காயப்போட்டிருக்கிறோம். அந்த நேரத்தில்தான் ஆலை முகவர் கிராண்டல் நீளமான அந்தக் கறுப்பு வண்டியோடு வந்தார். ஒரு பெண்ணுக்கு ஒரு டாலர். தூரத்து ஊர்ப் பெண் என்றால் இன்னும் கூட. ஏன் கூட என்று கேட்டேன். தூரத்துப் பெண்ணால் கோபித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து போக முடியாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். ஊரில் அதை ஆள்பிடி வண்டி என்கிறார்கள். எனக்குக் காதில் விழாதது போல ஓட்டினேன்.

சரி, நீ கொடுத்த வேலைக்கு வருகிறேன். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. உள்ளே ராக்ஸானாவின் அம்மா டிர்சா பீஸ்லிக்கு நீ ஒட்டி வைத்த கடிதமும் இருந்தது. அந்த அம்மாளுக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டதாலும் ஓபெட்டுக்கு எழுத்து தெரியாததாலும் நானே போய் வாசித்துக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தாய். நேற்றுப் போனேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறாய் என்று முன்கூட்டிப் பிரித்துப் பார்க்கவில்லை. பிறர் கடிதத்தைப் பிரிக்காத யோக்கியன் நான்.

பாதை பனியும் சேறுமாகக் கிடந்தது. ஓபெட் தோப்பில் சர்க்கரைக்காக மேப்பிள் மரத்துப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. டிர்சா வாசலில் வந்து என் கையைத் தடவிப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் உட்காரவைத்தாள். சுடச்சுடச் சோள ரொட்டி கொடுத்தாள். அதைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கடிதத்தை எடுத்தேன். "ஃபிலீனா எழுதினதா அண்ணே? அன்னைக்கு வாசிச்ச மாதிரியே நிதானமா வாசிங்க" என்றாள்.

அன்றைக்கு என்று அவள் சொன்னது போன அக்டோபரை. அதை உனக்கு நான் சொல்லவே இல்லை. நீ அக்டோபரில் எழுதிய கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை என் கைக்கு வந்தது. புதன்கிழமை நான் ராக்ஸானாவை ஆலைக்குக் கேட்டுப் பீஸ்லி வீட்டுக்குப் போனேன். டிர்சா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், உங்க பெண் அங்கே சந்தோஷமா இருக்காளா என்று. சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்தேன். விடுதியில் பியானோ இருப்பதை வாசித்தேன். சனிக்கிழமைச் சொற்பொழிவை வாசித்தேன். பச்சை ரிப்பன் வைத்த உன் புதுத் தொப்பியை இரண்டு முறை வாசித்தேன். நடுவில் நான்கு வரி வந்தது. உலர்ந்த காற்றுப் பட்டு நூல் அறாமல் இருக்க நெசவுக் கூடத்து ஜன்னல்களை ஆணியடித்து வைத்திருக்கிறார்கள், தறி நாடாவின் துளை வழியாக நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருக்கிறது, பஞ்சு தொண்டைக்குள் போய் காலையில் இருமல் நிற்பதில்லை, இங்கே யாரையும் அனுப்பாதீர்கள் அப்பா. அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைத்து மாட்டியபோது அதற்கடுத்த வரியில் இருந்தேன்.

அந்த வாரம் வண்டியில் ராக்ஸானா முன்பக்கம் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். வழியெல்லாம் பாடினாள். அவளைச் சேர்த்து பதினொரு பேர். பிப்ரவரியில் ரயிலடியிலிருந்து அவளைக் கொண்டுவந்ததும் அதே வண்டிதான். சக்கரத்தைக் கழற்றிப் பனியில் ஓடச் சறுக்குக்கட்டை மாட்டியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டில் நெய்த துணியால் போர்த்த வேண்டும் என்று டிர்சா கேட்டாள். ஊரில் ஒரு வீட்டிலும் இல்லை. கடையில் ஆலைத் துணி வாங்கிப் போர்த்தினோம்.

இனி நேற்று நடந்தது. உன் கடிதம் இரண்டு தாள். முதல் தாளை வாசித்தேன். ராக்ஸானாவும் நீயும் ஒரே கட்டிலில் படுத்தது, அவளுக்கு இருமலோடு காய்ச்சல் வந்ததும் நீ மூன்று நாள் வேலைக்குப் போகாமல் அவள் பக்கத்தில் இருந்தது, கடைசியில் அவள் தோப்பில் பால் காய்ச்சும் வாசனை வருகிறது என்று சொன்னது. டிர்சா அழவில்லை. மடியில் கைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, தேவாலயத்தில் கேட்பது போலக் கேட்டாள். ஓபெட் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கதவோரம் நின்றிருந்தார்.

இரண்டாம் தாளைத் திருப்பினேன். நீ என்ன எழுதினாய் என்று உனக்குத் தெரியும்: நான் அக்டோபரில் அப்பாவுக்கு எழுதியதை அவர் உங்களிடம் சொல்லியிருப்பார், எல்லாம் கேட்டும் ஏன் வந்தாய் என்று ராக்ஸானாவைக் கேட்டேன், தனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்றாள். தயவுசெய்து அவள் தங்கை அல்மைராவையாவது அனுப்பாதீர்கள்.

மகளே, நான் அதை வாசிக்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டே, தேவன் உங்களுக்கு ஆறுதல் தரட்டும், உங்கள் அன்புள்ள ஃபிலீனா என்று நானாக ஒரு முடிவு கட்டிச் சொன்னேன். உன் குரலைப் போலவே வந்தது. அதுதான் கொடுமை.

ஓபெட் கேட்டார்: "முழுசா வாசிச்சாச்சா?"

"அவ்வளவுதான்" என்றேன்.

அவர் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு காய்கிற பால் அடிப்பிடிக்கும் என்று சொல்லி வெளியே போய்விட்டார். 

டிர்சாதான் பேசினாள். சின்னவள் அல்மைராவும் போக வேண்டும் என்று நிற்கிறாளாம். பதினாறு வயது. அக்காவின் தறி காலியாகத்தானே இருக்கும் என்கிறாளாம். கிராண்டலின் வண்டி இருபத்துமூன்றாம் தேதி வருகிறது. "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணே, அனுப்பட்டுமா?" என்றாள். பாதை சேறாகக் கிடக்கிறது, இப்போது வேண்டாம் என்றேன். சேறு காய்ந்தபிறகு என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். "உங்க பொண்ணு இருக்குற இடம்தானே, எனக்கு அது ஒண்ணுதான் தைரியம்" என்றாள். முதல் தாளை மடித்து அவள் கையில் கொடுத்தேன். இரண்டாவதை என் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.

பாதி வழியில்தான் உறைத்தது. கையெழுத்து இல்லாமல், வாக்கியம் பாதியில் நிற்கும் ஒரு தாளை அவர்கள் வீட்டில் விட்டு வந்திருக்கிறேன். அல்மைரா பள்ளிக்கூடத்தில் படித்த பெண். மாமா வீட்டிலிருந்து நாளை வந்து எடுத்துப் பார்த்தால் போதும். திருடக்கூடத் தெரியாதவனைத்தான் ஊர் அதிகாரியாக்கி வைத்திருக்கிறது.

இடுப்பு ஒத்துழைக்கவில்லை, இனி வண்டி ஓட்டமாட்டேன் என்று கிராண்டலுக்கு எழுதிப் போட்டேன். அதிலும் காரணம் இடுப்புதான். அவருக்கு வேறு ஆள் கிடைப்பான். இந்த மலையில் ஆடு வாங்கிக் கெட்டவன் நான் ஒருவன் மட்டுமா?

அக்டோபரில் உன் நான்கு வரிக்கு நான் எழுதிய பதிலை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. வெங்காயச் சாற்றில் தேன் விட்டுக் குடி, பாட்டுப் பாடாதே, பக்கத்துத் தறிக்காரிக்குத்தான் இருமல் வரும் என்று வேடிக்கையாக எழுதினேன். அதற்குப் பிறகு நீ இருமலைப் பற்றி எழுதவே இல்லை. நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

ஒன்று கேட்கிறேன். வருஷ ஒப்பந்தம் முடியட்டும் என்று பார்க்காதே. நடுவில் விட்டால் நன்னடத்தைச் சீட்டு தரமாட்டார்கள், வேறு எந்த ஆலையிலும் சேர்க்கமாட்டார்கள் என்பது தெரியும். சேர்க்காமல் போகட்டும். இருபத்துமூன்றாம் தேதிக்குள் வந்துவிடு. நீ வந்து டிர்சா வாசலில் ஒரு நிமிஷம் நின்றால் போதும், அல்மைரா போகமாட்டாள். என்னால் சொல்ல முடியாததைச் சொல்ல உன்னைக் கூப்பிடுகிறேன் என்று உனக்கே புரியும். உடம்பு முடியாத பெண் தலையில் இதையும் வைக்கிறேன். வேறு வழி தெரிந்திருந்தால் உன் அப்பா எப்போதோ நல்ல மனிதனாகியிருப்பான். வெளியில் வரும்போது மார்பை இரட்டைக் கம்பளியால் மூடிக்கொள். கோச்சில் காற்று படாத பக்கம் உட்கார். ரயிலடிக்கு நான் நம் சொந்தப் பொதி வண்டியோடு வந்து நிற்பேன், எத்தனை நாளானாலும் நிற்பேன். தேவன் உன் மூச்சைக் காப்பாற்றட்டும்.

நான் இதை எழுதுவதைப் பார்த்து, ஃபிலீனா நல்லா இருக்காளாமா என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். நேற்று டிர்சாவும் வாசல் வரை வந்து, கையில் ஒரு கட்டி மேப்பிள் சர்க்கரையை வைத்து, உனக்கென்று சொல்லிவிட்டு, அதையேதான் கேட்டாள். இரண்டு பேரிடமும் நல்லா இருக்கா என்றுதான் சொன்னேன். என் மகளும் இருமுகிறாள் என்று இதுவரை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

உன் அப்பா,
ஆன்சல் குடெல்